மாப்பிள்ளைக் கோழி

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு முழுக்க அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் முற்றத்திலும் அடுப்புகள்தான். மூன்று கரியடுப்பு. அவற்றைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து பூசணி இலையில் நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கோழியை அறுத்து முடித்திருந்தாள். எனக்கு வேண்டியது படுக்கை.

"கத்தோங்கோ, கையைக் கழுவிட்டு வா. குடலைப் பிடி" என்றாள்.

ஒரு முனையை நான் பிடித்தேன். அவள் கத்தி முனையால் குடலை நீளவாக்கில் கீறி, உப்புப் போட்டு அலசி, கோழியின் கால்களைச் சுற்றி நூல் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றினாள். தலை, கழுத்து, ஈரல், இரைப்பை எல்லாம் தனித்தனியாக மூங்கில் தட்டில் இருந்தன. நாய்க்குப் போக அதில் எதுவும் இல்லை. இறகைக்கூட ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். தலையணைக்காம்.

அன்று என் தங்கை மபாலோவுக்காகத் தீ காட்டும் விருந்து. அது முடியும்வரை மாப்பிள்ளை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நாங்கள் சமைத்து அவன் வீட்டுக்குக் கொண்டுபோய், சட்டி சட்டியாகத் திறந்து காட்டி, இது எங்கள் தீ, இதில் வெந்தது இது என்று சொல்ல வேண்டும். கடைசியாகத் திறப்பது மாப்பிள்ளைக் கோழி. அதை அவன் சாப்பிட்டால் கல்யாணம். அவன் வீட்டார் மூடியைத் திரும்ப வைத்துவிட்டால் சட்டிகள் அப்படியே வீடு திரும்பும், கல்யாணம் அதோடு சரி. எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படித் திரும்பி வந்தது. அவர்கள் இப்போது எங்கள் ஊர் கிட்வேயிலேயே இல்லை.

மபாலோவுக்கு இது இரண்டாவது சம்பந்தம். முதல் மாப்பிள்ளை வீட்டார் இந்த விருந்துக்கு முந்தின வாரமே ஆள் அனுப்பி நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் தண்ணீர்க் குழாய்க்குக்கூட இருட்டின பிறகுதான் போனாள். இப்போது உள்ளறையில் இருந்தாள். விருந்து முடியும்வரை வெளியே வரக்கூடாது. நான் உடை மாற்ற உள்ளே போனபோது திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

"அண்ணா, கோழி எப்படி இருக்கு?"

"செத்திருக்கு."

"சிரிப்பு வரல. முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு. நகத்தோட இருக்கு. போதுமா?"

திரை ஓரத்தை அவள் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன.

வெளியே லொம்பே அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் தங்கை. சட்டிகளை எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் பேச வேண்டியவள் அவள்தான். அம்மா போக முடியாது. மாமியார் மாப்பிள்ளையின் கண்ணில் படக்கூடாது, மாமனாரும் அப்படியே. அத்தை புது டோப்பா முடி வைத்திருந்தாள். குதிகால் செருப்பு மண்ணில் புதைந்தது. கையில் பெரிய துணிப்பை. அதைக் கீழே வைக்காமலே அடுப்புகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"எத்தனை சட்டி அண்ணி?"

"ஏழு."

"கோழியையும் சேர்த்தா?"

"கோழியையும் சேர்த்துதான். முப்பது பேருன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. முப்பது பேருக்கு இது போதும்."

"போதுமா, போதாதான்னா கேட்டேன்? சௌண்டா வீட்டுப் பொண்ணு விருந்துக்கு லாரியில போச்சு சாப்பாடு. லாரியில! வீடியோகூட எடுத்தாங்க."

"மறுநாள் அந்தத் தெரு நாய்ங்களையும் எடுத்திருக்கணும்" என்றாள் அம்மா. "நடக்க முடியாம படுத்துக் கிடந்துச்சுங்க. சோத்தைக் குழி தோண்டிக் கொட்டினாங்க."

பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மூங்கில் தட்டைப் பார்த்தாள்.

"இதுவா மாப்பிள்ளைக் கோழி? கழுத்தைப் பாரு, சைக்கிள் கம்பி மாதிரி. மாப்பிள்ளையோட மாமன் யோத்தாம் வீட்டுல மதில் இருக்கு தெரியுமா? மதில் மேல கண்ணாடி பதிச்சிருக்கு. ரெண்டு லாரி ஓடுது அந்த ஆளுக்கு. அவர் முன்னாடி நான் இந்தக் கிழவியைத் திறந்து காட்டணுமா?"

"மபாலோ அங்க போய் இதைத்தான் சமைக்கப் போறா. இன்னிக்கு வேற எதையாவது காட்டிட்டா, அப்புறம் அதுக்கு அவ எங்க போவா?"

"ஊருல எல்லாரும்..."

"நம்ம கோழி முட்டை போட்ட கோழி அத்தை" என்றேன். "நின்னு பேசும்."

"நீ வாயை மூடு. காலேஜைப் பாதியில விட்டவனுக்கு இங்க என்ன பேச்சு?"

"அது சமையல் காலேஜ் இல்லியே."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த மதிலுக்குள் நின்று பேசப் போவது அவள். ஏதாவது என்றால் ஊர் சொல்லப் போவது அவள் பெயரைத்தான்.

அம்மா சமைப்பது கஞ்சனின் வேலைபோலத்தான் இருக்கும். பீன்ஸ் வெந்து இறங்கியதும் அதே தணலில் கருவாடு. கருவாட்டுத் தலைகளைத் தூக்கிப் போடாமல் உலர்த்தி டப்பாவில் போட்டு வைப்பாள். பூசணி இலைக்கு வேர்க்கடலையை நேற்றே இடித்திருந்தாள். உரலை வெந்நீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் சட்டியில் ஊற்றினாள். ஒரு சட்டி இறங்கி அடுத்தது ஏறத் தாமதமானால் தணலைச் சாம்பலால் மூடிவிடுவாள். மூடிய தணல் மேலே பார்க்கச் செத்தது மாதிரி இருக்கும். கிளறினால் உள்ளே சிவப்பாகக் கிடக்கும். கரி விற்கும் விலைக்கு அதைத் தெரிந்துகொள்ளாத பெண் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் ஒரு மூட்டைக் கரியை அம்மா அளவுக்கு இழுத்தவர்களும் இல்லை.

எல்லாம் வெந்தது. சோளக்களி, கருவாடு, பீன்ஸ், கடலைப்பொடி போட்ட பூசணி இலை, வெண்டைக்காய், உலர்ந்த புழு வறுவல், கோழி. கோழியை மட்டும் பூப்போட்ட வெள்ளைப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். அதையும் துணிகளையும் அத்தையிடம் கொடுத்துவிட்டு அம்மா உள்ளறைக்குப் போனாள், மபாலோவிடம் சொல்லிக்கொள்ள. நான் சைக்கிளின் பின்னால் முன்கோயோ கேனைக் கட்டினேன். சோளத்தையும் வேரையும் போட்டுப் புளிக்கவைத்த பானம், கனமான கேன். அத்தை அடுப்படியில் குனிந்து சட்டிகளைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். எல்லாச் சட்டியையும் பெண்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். வெள்ளைப் பாத்திரத்தை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

சட்டிகளுக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தீயும் போக வேண்டும். சின்னக் கரியடுப்பு ஒன்றில் அம்மா ஒரு கரண்டித் தணல் எடுத்துப் போட்டாள்.

"இதையாவது நிறையப் போடேன் அண்ணி."

"காட்டத்தானே கொண்டு போறீங்க. குளிர் காயவா?"

வாடகை வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் பின்னால் மிதித்தேன். எங்கள் பகுதியான புச்சியிலிருந்து அவர்கள் இருக்கும் சிம்வெம்வேக்கு நல்ல மிதி. தூக்கம் கண்ணைச் சுற்றியது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேன் அவர்களை இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டது. மதில் இருந்தது, கண்ணாடியும் இருந்தது. உள்ளே பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் உயர ஸ்பீக்கர். முப்பது பேர் இல்லை. அதைப்போல இரண்டு மடங்கு இருப்பார்கள். பெண்கள் பாடிக்கொண்டே உள்ளே போனார்கள். ஏழு சட்டியைப் பார்த்ததும் பந்தலுக்குள் ஒரு முணுமுணுப்பு.

மாப்பிள்ளை லமெக்கின் தாய்மாமன் யோத்தாம் எழுந்து வந்தார். தொந்தியும் கைத்தடியும் உள்ள மனிதர்.

"இவ்வளவுதானா? மீதியை வழியில குரங்குக்கிட்டக் குடுத்துட்டீங்களா, இல்ல குரங்கையே தின்னுட்டு வந்தீங்களா?"

பந்தல் வெடித்துச் சிரித்தது. அவர்கள் ங்கோனி இனம், நாங்கள் பெம்பா இனம். நாங்கள் குரங்கு தின்பவர்கள், அவர்கள் எலி தின்பவர்கள் என்பது பழைய கேலி. எப்போதோ அடித்துக்கொண்டதற்காக இன்றுவரை ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சாவு வீட்டில்கூட. கோபித்துக்கொள்கிறவன்தான் தோற்றவன்.

எங்கள் பக்கம் மத்தளம் வைத்திருந்தவள் விடவில்லை. "எலிப்பொறியைக் கழுவி வச்சீங்களா மாமா? இல்லன்னா நாங்க கொண்டு வந்ததை எதுல போட்டுத் தின்பீங்க?"

யோத்தாமே சிரித்தார். நல்ல தொடக்கம் என்று நினைத்தேன்.

லமெக் பாயில் உட்கார்ந்திருந்தான். தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டிருந்தான். மாப்பிள்ளை இன்று பேசக்கூடாது. மெலிந்த ஆள், டயர்க் கடையில் வேலை. யோத்தாமின் லாரியும் மதிலும் அவனுக்குச் சொந்தமில்லை. எங்கள் தீயை அவன் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொரு சட்டியாக அத்தை திறந்தாள். "இது கருவாடு. மழையில்லாத வருஷம் இதுதான் கிடைக்கும், மூஞ்சியைச் சுளிக்காதே." அவன் ஒரு விரலால் தொட்டெடுத்து நாக்கில் வைப்பான். பெண்கள் குலவையிடுவார்கள். "இது பூசணி இலை. இதை அவ வாரம் மூணு நாள் போடுவா. வேற வேணும்னா நீ வேற கொண்டு வா." குலவை. அத்தை நன்றாகத்தான் பேசினாள். குரல் கணீரென்றிருந்தது.

வெள்ளைப் பாத்திரம் வந்தது. அத்தை துணி முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மூடியை எடுத்தாள்.

உள்ளே இருந்தது எங்கள் கோழி இல்லை. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றிக்கொண்டே சுடுவார்களே, அந்தக் கோழி. கொழுத்தது, எண்ணெயில் பளபளத்தது. பந்தலில் சிறுசுகள் "ஓ" என்று எட்டிப் பார்த்தார்கள். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் கையில் வைத்திருந்த துணிப்பை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

யோத்தாம் சிரித்த முகத்தோடு குனிந்தார். மாப்பிள்ளைக் கோழியை எண்ணிப் பார்ப்பது மாப்பிள்ளையின் மாமன் வேலை. துண்டுகளை மூடியின் மேல் எடுத்துவைத்து, கோழியைத் திரும்பக் கோழியாக அடுக்குவார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை, கால் இருக்க வேண்டிய இடத்தில் கால். ஒன்று குறைந்தால், பெண் வீட்டில் யாரோ அவனுக்கு முன்னால் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வீட்டில் அவன் இரண்டாவது ஆள். எல்லாவற்றிலும் முக்கியம் இரைப்பை. அது வீட்டுத் தலைவனின் துண்டு. அதைக் கொடுத்தால்தான் அவனை ஆண்பிள்ளை என்று ஒப்புக்கொண்டதாகும்.

அவர் தொடையைப் பிய்த்து வைத்தார். இறக்கையை வைத்தார். பிறகு பாத்திரத்துக்குள் விரலால் துழாவினார். கோழியைத் தூக்கிக் கவிழ்த்து வயிற்றுக்குள் பார்த்தார்.

"பாட்டை நிறுத்து" என்றார்.

ஸ்பீக்கர் நின்றது.

"தலை எங்க?"

அத்தை அவிழ்த்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

"கழுத்து எங்க? கால் எங்க? இரைப்பை எங்கம்மா?"

"இப்ப எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க அண்ணா. டவுன்ல பெரிய கடையில..."

"வாங்குறாங்களா?" அவர் நிமிர்ந்தார். "அப்ப இதை உங்க பொண்ணு வீட்டுல சமைக்கல. சரி. அந்தக் கடைக்காரனைக் கூப்பிடுங்க. அவனையே எங்க பையனுக்குக் கட்டி வச்சிரலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடம்தான் அது. அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கேலியில் எவ்வளவு அசிங்கம் சொன்னாலும் கண் சிரிக்கும். இப்போது சிரிக்கவில்லை.

"எங்க அக்கா புருஷன் இல்லாதவ. அதனால தலையில்லாத கோழி போதும்னு நினைச்சீங்க. மூடியைத் திரும்ப வை."

பெண்களில் ஒருத்தி பயந்துபோய் உண்மையிலேயே பீன்ஸ் சட்டியின் மேல் மூடியைத் திரும்ப வைத்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டது. அத்தை பாயின் ஓரத்தில் முழங்காலிட்டாள். டோப்பா முடி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"கோழி வீட்டுல இருக்கு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பெண்ணின் அண்ணன் இந்த இடத்தில் பேசுவதில்லை.

"அம்மா காலையிலயே அறுத்துச் சமைச்சாச்சு. தலை, கால், இரைப்பை எல்லாம் இருக்கு. பாத்திரம் மாறிப்போச்சு. நான் போய் எடுத்துட்டு வரேன்."

"பாத்திரம் தானா மாறிக்குமா?"

"இல்ல. மாத்தினோம். எங்க தப்பு. நேரம் குடுங்க."

யோத்தாம் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு கைத்தடியால் எங்கள் வீட்டுத் தீயைக் காட்டினார். "இது உங்க தீ. இது அவியறதுக்குள்ள கொண்டு வா. எங்க வீட்டுக் கரி ஒண்ணுகூட இதுல விழாது. அவிஞ்சா நீங்க கிளம்பலாம்."

அடுப்பைப் பார்த்தேன். ஒரு கரண்டித் தணல். அம்மாவின் அளவு. முதல் முறையாக அவள் கையைத் திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்தேன்.

மேட்டில் சங்கிலி கழன்றது. மாட்டினேன். மறுபடி கழன்றது. சந்தை வழியாகக் குறுக்கே போனபோது, உறைந்த கோழி இரைப்பையைக் குவியலாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே போனேன். என் வீட்டில் ஒன்று இருக்கிறது, இது எனக்கு எதற்கு.

முற்றத்துக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். உதவிக்கு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், கையில் தட்டு. நடுவில் கறுப்புச் சட்டி. அம்மா கரண்டியோடு நின்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்.

"யாரும் தின்னாதீங்க!"

ஒருத்தி கையிலிருந்த களி உருண்டை விழுந்தது. நடந்ததைச் சொன்னேன். அம்மா அத்தையைத் திட்டவில்லை. சட்டியில் கோழி கிடந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்திருக்கிறது. வேன் போய்விட்டது. சமைத்தது வீணாகக்கூடாது என்று பரிமாறிவிட்டாள்.

"தட்டுல விழுந்ததெல்லாம் திரும்ப வரட்டும்" என்றாள். "கடிச்சவங்க சொல்லுங்க."

தொடை வந்தது. இறக்கை வந்தது. "நான் குழம்பை மட்டும்தான் நக்கினேன்" என்றாள் ஒருத்தி, கோழிக் கழுத்தைத் திரும்பச் சட்டியில் போட்டுக்கொண்டே. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து வெந்நீரில் காட்டிச் சட்டியில் போட்டாள். குடல் சுற்றிய கால்கள் இருந்தன. தலை இருந்தது.

"இரைப்பை?"

அப்பா மெல்வதை நிறுத்திவிட்டார். தட்டை நீட்டினார். அதில் பாதி இரைப்பை இருந்தது.



"எப்பவும் எனக்குத்தானே வைப்ப" என்றார் அம்மாவிடம். "நான் என்னத்தைக் கண்டேன்?"

"அம்மா, சந்தையில இரைப்பை விக்கிறாங்க. ஒண்ணு வாங்கிக் குழம்புல போட்டா..."

"அது உறைஞ்சு கிடக்கும். வேகாது."

"தொட்டுப் பார்க்கவா போறாங்க?"

"ஒரு கடைக்கோழியைக் கொண்டு போய்த்தான் இப்படி நிக்கிறோம். இன்னும் ஒரு கடைச்சரக்கா?" அவள் தட்டிலிருந்த பாதியை எடுத்துச் சட்டியின் மேலாக வைத்தாள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. "மாமனார் கடிச்சுட்டார்னு சொல்லு."

"சொன்னா முடிஞ்சது அம்மா. இது ஒண்ணுக்காகத்தான் அந்த ஆள்..."

"முடிஞ்சா முடியட்டும். கண்டுபிடிச்சு முடியறதுக்கு, சொல்லி முடியட்டும்."

உள்ளறைத் திரை அசைந்தது. மபாலோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் இனிமே அந்தப் பையன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீங்க மாமனார். முழிக்கவே கூடாது" என்றாள் அம்மா, துணியை முடிந்துகொண்டே. "போடா."

திரும்பும்போது பாத்திரத்தைக் கயிற்றால் கட்டி ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு மிதித்தேன். குழம்பு வழிந்து சட்டை முதுகில் ஒட்டியது. சங்கிலி கழன்றபோது மாட்டவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினேன். சந்தையில் அந்தப் பெண் இன்னும் இரைப்பை விற்றுக்கொண்டிருந்தாள். நின்றேன். நின்றது உண்மை. அப்புறம் ஓடினேன்.

பந்தலில் யாரும் கலையவில்லை. பாட்டும் இல்லை. எல்லோரும் ஒரு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சாம்பல். புகைகூட இல்லை. அத்தை அப்போதும் முழங்காலிட்டபடியே இருந்தாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அவிஞ்சு போச்சு தம்பி" என்றார் யோத்தாம். அவர் குரலில் சந்தோஷமும் இல்லை.

பாயிலிருந்து லமெக் கையை நீட்டினான். ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலை மெதுவாக ஒதுக்கினான். உள்ளே இரண்டு தணல், சிவப்பாக, முழுசாக.

யோத்தாம் மருமகனைப் பார்த்தார். "யார்றா இதை மூடினது?"

தொப்பி அசையவில்லை. குச்சி நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது. அவன் விரல்களிலும்.

"கரி விழக்கூடாதுன்னுதான் சொன்னீங்க" என்றாள் பின்னாலிருந்து லமெக்கின் அம்மா. "சாம்பல் விழக்கூடாதுன்னு சொல்லலியே."

யோத்தாம் மூக்கை உறிஞ்சினார். "கொண்டா."

நானே முடிச்சை அவிழ்த்தேன். அவர் துண்டுகளை மூடியில் அடுக்கினார். தலை, கழுத்து, முதுகு, இறக்கை, குடல் சுற்றிய கால். கால்களைப் பார்த்ததும் ஒரு கிழவி "ம்" என்றாள். ஈரல். பிறகு அந்தப் பாதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது?"

"எங்க அப்பா கடிச்சது" என்றேன். "வீட்டுல விட்டுட்டு வந்த கோழி தங்களுக்குன்னு நினைச்சுட்டாங்க. பாதி அவர் வயித்துல இருக்கு. வேற வாங்கி வச்சிருக்கலாம். அம்மா வேணாம்னுட்டாங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. பந்தலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

யோத்தாம் கடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்பல் ஒண்ணு இல்ல போல இருக்கே உங்க அப்பாவுக்கு."

"இல்ல."

"குரங்குகூட முழுசாத் திருடும்."

அது கேலியா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. சிரிக்கலாமா என்று மத்தளக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கே தெரியவில்லை என்று தோன்றியது. கூட்டம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கை மூடியின் பக்கம் போனது.

லமெக் எட்டி அவர் விரலுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கிழட்டுக் கோழியின் இரைப்பை. சீக்கிரம் போகாது. அவன் மென்றான். கன்னம் ஒரு பக்கம் புடைத்தது, மறு பக்கம் புடைத்தது. அறுபது பேர் ஒருவன் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. துப்பிவிடுவான் என்று நினைத்தேன். தொண்டை ஏறி இறங்கியது.

"உப்பு சரியா இருக்கு" என்றான்.

அவன் பேசியிருக்கக்கூடாது. யாரும் அதைச் சொல்லவில்லை.

யோத்தாம் வெறும் விரல்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மாமனார் எச்சிலைத் தின்னுட்டான். இனி இவன் நமக்கு ஆக மாட்டான். எடுத்துட்டுப் போங்க இவனை." கைத்தடியால் தரையைத் தட்டினார். "என்ன பார்க்கிறீங்க? பாட்டைப் போடு!"

குலவை எழுந்தது. அத்தை எழவில்லை. எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று நினைத்திருப்பாள். மத்தளக்காரி அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

முப்பது பேர் சாப்பாடு அறுபது பேருக்குப் போனது. ஆளுக்கு நாலு கவளம் வந்திருக்கும். யாரோ "லாரியில வரல போல" என்றார்கள். யாரோ சட்டியை விரலால் வழித்தார்கள். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சட்டிகள் வீடு திரும்பியபோது எல்லாம் வழித்துச் சுத்தமாக இருந்தன, ஒன்றைத் தவிர. பிய்த்த கடைக்கோழியை யோத்தாம் ஒரு துண்டு குறையாமல் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டார். "இது உங்க வீட்டுக் கோழியும் இல்ல, எங்க வீட்டுக் கோழியும் இல்ல. உங்க அண்ணிக்கு இதை என்ன செய்யறதுன்னு தெரியும்" என்று அத்தையிடம் சொன்னாராம்.

அம்மா முதலில் சட்டிகளைத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தை. தலையாட்டினேன். அவள் உள்ளறைக்குப் போனாள். பிறகு மபாலோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அழுகிற சத்தமாகவும் இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

உதவிக்கு வந்த பெண்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தட்டிலிருந்ததைத் திருப்பிக் கொடுத்தவர்கள். அம்மா கடைக்கோழியைப் பிய்த்து, எலும்போடு சட்டியில் போட்டு, டப்பாவிலிருந்த கருவாட்டுத் தலைகளையும் மீதிக் கடலைப்பொடியையும் சேர்த்து நிறையத் தண்ணீர் ஊற்றினாள். சாம்பலைக் கிளறித் தணலை எடுத்தாள்.

கொதித்ததும் முதல் கிண்ணம் லொம்பே அத்தைக்கு. அவள் சுவரோரமாக, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டோப்பா முடி மடியில் கிடந்தது.

"உப்புப் பாரு" என்றாள் அம்மா.

அத்தை வாங்கிக் குடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடைக்காரன் நிறையப் போட்டிருக்கான்" என்றாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து அண்ணி."

அம்மா ஊற்றினாள்.

அப்பா எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியால் அடிவரை ஒரு துழாவு துழாவினார்.

"தேடாதீங்க" என்றாள் அம்மா. "கடைக்கோழிக்கு அது இல்ல."